கொலைக்கதை எழுதி வெனிஸில் வாழ நினைக்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் இத்தாலிக்குப் போய், துப்பறியும் நாவல் எழுதிப் பிழைத்துக்கொள்வேன் என்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இதெல்லாம் ஒரு வேலையா, இதை நம்பிப் பெண்ணை அனுப்பலாமா’ என்பது உங்கள் கேள்வி.

வேலைதான் ஐயா, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவள் மனதில் இருக்கும் வரிசையில் அது நடப்பதில்லை. எழுத்தை மட்டும் நம்பி வெளிநாடு போய் நிலைத்தவர்கள் மிகச் சிலர். வேறு வேலைக்காகப் போய், அந்த ஊரில் பல வருடம் வாடகை கொடுத்து, காய்கறி வாங்கி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, அதன்பிறகு எழுத உட்கார்ந்தவர்களின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அவள் மேஜையில் துப்பறியும் நாவலாசிரியை டோனா லியோனின் புத்தகங்கள் அடுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று, அந்த அம்மாவின் வாழ்க்கையையே எடுத்துப் பார்ப்போம். 1942-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். வெனிஸ் போலீஸ் அதிகாரி புருனெட்டி வரும் அவருடைய முதல் நாவல் 1992-ல் வெளிவந்தது. அதாவது, ஐம்பதை ஒட்டிய வயதில். அதுவரை ஆங்கில ஆசிரியையாக ஈரான், சீனா, சவூதி அரேபியா என்று வேலை கிடைத்த இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறார். ஈரானில் இருந்தபோது ஜேன் ஆஸ்டின் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். 1979 புரட்சியில் அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று, ஆய்வுக் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு வெனிஸில் குடியேறினார். விசென்சா என்ற பக்கத்து ஊரில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஐரோப்பியப் பிரிவு அங்கே நடத்திய வகுப்புகளில் 1981 முதல் ஆங்கிலம் கற்பித்தார். நாவல்கள் வரத் தொடங்கிய பிறகும் பல வருடம் அந்தச் சம்பளத்தை அவர் விடவில்லை.

1981-க்கும் 1992-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பதினொரு வருடங்களைத்தான் உங்கள் மகள் கவனித்துப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வாத்தியாரம்மாவின் சாதாரணப் பிழைப்பு. ஆனால் வெனிஸில் வெள்ளம் ஏறும் நாளில் கடைக்காரர் பலகையை எப்படி மாட்டுகிறார், படகுப் பேருந்தில் யார் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள், மீன் சந்தையில் காலை எட்டு மணிக்கு என்ன பேச்சு ஓடுகிறது, அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க யாரைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் சுற்றுலா விசாவில் மூன்று மாதம் தங்கிக் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. அந்த நாவல்களை வாசகர்கள் கொலைகாரனைக் கண்டுபிடிக்க மட்டும் படிப்பதில்லை. புருனெட்டி மதியம் வீட்டுக்கு வந்து மனைவி பவோலாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அதற்காகவும் படிக்கிறார்கள். பவோலா என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். எழுத்தாளருடைய பிழைப்பு அப்படியே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கொலை கூட அப்படித்தான். ஓபரா பைத்தியமான அவர், வெனிஸின் லா ஃபெனிசே அரங்கில் ஒப்பனை அறையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் பிடிக்காத ஓர் இசை நடத்துநரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரை எப்படிக் கொல்லலாம் என்று விளையாட்டாகப் பேசியதுதான் முதல் நாவலாயிற்று.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? இதை மகளிடம் கேட்டுப் பாருங்கள், இத்தாலியிலிருந்து என்றுதான் சொல்வாள். ஆனால் டோனா லியோனின் புத்தகங்கள் இத்தாலிய மொழியில் வெளிவரவே அவர் அனுமதிக்கவில்லை. தெருவில் போகும்போது பிரபலமாக இருக்க விருப்பமில்லை என்பது காரணம். ஆங்கிலத்தில் எழுதினார். சூரிச் நகரத்து டியோகெனஸ் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் மொழி வாசகர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2000-லிருந்து ஜெர்மன் தொலைக்காட்சியில் தொடராகவும் வந்தது. இப்போது அவர் சுவிட்சர்லாந்தில் வாழ்கிறார், அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். குடியிருந்தது ஒரு நாடு, எழுதியது இன்னொரு நாட்டு மொழி, காசு வந்தது மூன்றாவது இடத்திலிருந்து. வெளிநாட்டில் வாழும் நாவலாசிரியருக்கு இது அடிக்கடி நேர்வது. ஸ்காட்லாந்துக்காரரான பீட்டர் மே பிரான்சில் வசிக்கிறார். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவை வைத்து அவர் எழுதிய நாவலைப் பிரிட்டிஷ் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 2009-ல் அது முதலில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகத்தான் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது 2011-ல். அந்தத் தீவைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக அங்கே பல வருடம் படப்பிடிப்பு வேலை பார்த்தவர். மறுபடியும் வேலைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம், உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது இதனால்தானே. பிரிட்டனில் எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் எழுத்தாளர் உரிமை அமைப்பு ஒன்று 2022-ல் கணக்கெடுத்தது. எழுத்திலிருந்து அவர்களுக்கு வரும் ஆண்டு வருமானத்தின் நடுமதிப்பு 7,000 பவுண்டு. அதாவது பாதிப் பேர் அதற்கும் கீழே. 2006-ல் இதுவே 12,330 பவுண்டாக இருந்தது. 7,000 பவுண்டு என்பது நம் கணக்கில் பெரிய தொகையாகத் தெரியும், லண்டனில் அது வருட வாடகைக்கே போதாது.

ஒரு புத்தகத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மென்னட்டைப் புத்தகம் 9.99 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் ராயல்டி வழக்கமாக ஏழரை சதவீதம், ஏறக்குறைய 75 பென்ஸ். அதில், பதிப்பகத்தோடு நமக்காகப் பேசும் ஏஜென்டுக்கு 15 சதவீதம் போகும், மொழிபெயர்ப்பு உரிமை என்றால் 20. மீதி கையில் 64 பென்ஸ். வருடம் 20,000 பவுண்டு வேண்டுமென்றால் 31,000 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். பெரிய கடைகளுக்குத் தள்ளுபடியில் கொடுக்கும் பிரதிகளுக்கு ராயல்டி இன்னும் குறையும். முன்பணம் என்று பதிப்பகம் தருவதும் மொத்தமாக வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு பங்கு, எழுதி முடித்த கைப்பிரதியைக் கொடுத்தபின் ஒரு பங்கு, புத்தகம் வெளிவரும்போது ஒரு பங்கு என்று பிரிந்து வரும், சில சமயம் இரண்டு வருடம் இழுக்கும். அந்த முன்பணம் விற்பனையில் கழிந்த பிறகுதான் ராயல்டி என்ற பேச்சே.

ஆகவே பெரும்பாலானவர்கள் பகல் வேலையை விடுவதில்லை. குற்றக்கதை எழுத்தாளர் வசீம் கானைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். லண்டனில் பிறந்தவர். பதினேழு வயதில் முதல் நாவலை எழுதினார். இருபத்துமூன்று வருடங்களில் ஏழு நாவல்கள் நிராகரிக்கப்பட்டன. நடுவில் நிர்வாக ஆலோசகராக மும்பையில் பத்து வருடம் வேலை பார்த்தார். அந்த மும்பைதான் 2015-ல் அவருக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்தது. புத்தகங்கள் வெற்றி பெற்ற பிறகும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குற்ற அறிவியல் துறையில் வேலையைத் தொடர்ந்தார். பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் வந்தார். எனக்கு இந்த உதாரணம் மிகவும் பிடிக்கும். ஏழு தோல்விகளையும் அவரால் தாங்க முடிந்ததற்கு மாதச் சம்பளமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே கனவோடு வந்த ஒரு மாணவனுக்கு நான் தவறாக வழிகாட்டினேன். பிரிட்டனில் படைப்பெழுத்து எம்.ஏ. படி, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கல்விக்கடன் வாங்கிப் போனான், கட்டணமும் தங்கும் செலவுமாக முப்பது லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டனின் மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், சுயதொழில் கூடாது என்பதை நான் அவனுக்குச் சரியாக விளக்கவில்லை. எழுதிக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று நினைத்துப் போனவன் கிடங்கில் இரவு வேலை பார்த்தான். நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. திரும்பி வந்து கடனைக் கட்ட அவன் அப்பா பட்ட பாட்டை நான் பார்த்தேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் விசா விதியைத்தான் படிக்கிறேன்.

இத்தாலி விதியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சொந்த வருமானத்தோடு அங்கே போய் வசிக்க ஒரு விசா உண்டு, ஆனால் அதில் வேலையே பார்க்கக் கூடாது. சுயதொழில் விசாவுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீடு இருக்கிறது. மொழிப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைக்கலாம், ஆனால் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருப்பவர்களுக்குத்தான் பள்ளிகள் முன்னுரிமை தருகின்றன. டோனா லியோனுக்கு அமெரிக்க ராணுவத் தளம் இருந்தது, நம் பெண்ணுக்கு அது இல்லை.

அவளுக்குத் திறந்திருக்கும் கதவு படிப்பு. இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் வைக்கிறார்கள். மாநில அளவிலான உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வெனிஸிலேயே 1868-ல் தொடங்கிய கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகம் இருக்கிறது, மொழிப் படிப்புகளுக்குப் பேர்போனது. மொழிபெயர்ப்பு, மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல் என்று சம்பளம் தரக்கூடிய ஒரு பாதையில் போகட்டும். அதற்கு இன்றைக்கே இத்தாலிய மொழி கற்க ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு சண்டை போடும் அளவுக்கு மொழி வராவிட்டால் அங்கே நாவலுக்குச் சரக்கு கிடைக்காது.

இங்கிருந்தே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கல்லூரி விடுமுறையில், நீதிமன்றம் நடக்கும் நாளாகப் பார்த்து, உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். பெரும்பாலான குற்ற வழக்கு விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி எப்படித் தடுமாறுகிறார், பிரேதப் பரிசோதனை அறிக்கையை மருத்துவர் எந்தச் சொற்களில் விளக்குகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். நம் சட்டத்தில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் என்று நீதிமன்றம் ஏற்காது. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் முன் குற்றவாளி உடைந்து அழுதால் கதை முடிந்துவிடாது, வழக்கு அங்கேதான் ஆரம்பம். இத்தாலியிலோ விசாரணையை நடத்திச் செல்பவர் அரசு வழக்கறிஞர், போலீஸ் அவர் சொல்படி இயங்குகிறது. இப்படி ஒரு நாட்டின் நடைமுறையை ஆழமாகத் தெரிந்தவளுக்குத்தான் இன்னொரு நாட்டின் நடைமுறையில் எது வித்தியாசம் என்று கண்ணில் படும்.

அப்புறம், தினமும் எழுதுவது. ஆங்கிலத்தில் ஒரு குற்ற நாவல் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் சொற்கள் வரும். கல்லூரி நாட்களில் தினம் 300 சொல் எழுதினால்கூடப் பத்து மாதத்தில் முதல் வரைவு கையில் இருக்கும். அது நன்றாக இருக்காது. பரவாயில்லை, இரண்டாவது நாவலில்தான் பலருக்குக் கை படியும். புத்தகம் வராதவர்களுக்காக நான் மேலே சொன்ன பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் வருடாவருடம் ஒரு போட்டி நடத்துகிறது. தொடக்கப் பகுதி 3,000 சொற்கள் வரையும் கதைச்சுருக்கமும் அனுப்ப வேண்டும், எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். அங்கே பெயர் பட்டியலில் வந்தால் ஏஜென்டுகளின் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டில் தனியாக இருக்கும் பெண் என்ற கவலையைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தீர்கள். அது நியாயமான கவலை. இந்தத் தொழிலில் பெரிய சிரமம் தனிமைதான். நாள் முழுக்க ஓர் அறையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்துவிட்டு, மாலையில் பேச ஆளில்லாமல் இருப்பது நல்ல மனவலிமை உள்ளவர்களையே அசைத்துவிடும். சம்பள வேலை வேண்டும் என்று நான் சொல்வதில் பணம் பாதிதான். காலையில் எழுந்து போக ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், காய்ச்சல் என்றால் விசாரிக்க ஒருவர், மருத்துவக் காப்பீடு, இவையெல்லாம் அந்த வேலையோடு சேர்ந்து வருகின்றன.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘புத்தகம் எப்போது வரும்’ என்று அவளைக் கேட்காதீர்கள், ‘இன்றைக்கு எழுதினாயா’ என்று மட்டும் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டில் பேச்சை மறுபடி ஆரம்பிக்க அது போதும்.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வாருங்கள். அவள் எழுதியதில் பத்துப் பக்கம் கொண்டுவரட்டும், அடித்தல் திருத்தலோடு இருந்தால் இன்னும் நல்லது. இத்தாலியின் மாணவர் விசா விதிகளையும் உதவித்தொகைக்கான கடைசித் தேதிகளையும் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்