கொத்துப் பரோட்டாக் கனவு

கேள்வி: என் வீட்டுக்காரர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பார். மூன்று மணி வாக்கில் அலறல். பரோட்டா மாஸ்டர் இவரை மாவு மாதிரி வீசிக் கல்லில் போட்டு, “கொத்தா, வீச்சா?” என்று கேட்கிறாராம். தேவனாம்பட்டினம் கடலில் சால்னா அலையடிக்கிறதாம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மாமியாரோ, அமுக்குவான் பேய், மந்திரிக்க வேண்டும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இது அமுக்குவான் இல்லை. கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துவிடும். விழிப்பு வந்த பிறகும் அந்தத் தளர்ச்சி சற்று நீடிப்பதைத்தான் அமுக்குவான் என்கிறோம். அப்போது வாய்விட்டுக் கத்த முடியாது. இவர் கத்துகிறார்.

பரோட்டா கனவை உண்டாக்குகிறது என்பதைவிட, கனவின் நடுவில் ஆளை எழுப்பிவிடுகிறது என்பதே சரி. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வரும். விடியலை நெருங்க நெருங்க அது நீளும். இடையில் விழிக்காதவருக்குக் கனவு நினைவில் நிற்பதில்லை. எண்ணெய் அதிகமான உணவு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். அதற்குள் படுத்துவிட்டால் அமிலம் உணவுக்குழாயில் ஏறி, நெஞ்சு எரிந்து, தூக்கம் கலையும்.

ஆகவே மாற்ற வேண்டியது நேரத்தை. வயிறு நிறையச் சாப்பிடுவதை ஷிப்ட் நடுவே, எட்டு மணிக்குள் முடிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ போதும். பரோட்டா ஆசையை விடுமுறை நாளில் மதியம் தீர்த்துக்கொள்ளலாம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. காரச் சால்னா, பச்சை வெங்காயம், டீ மூன்றும் இரவில் வேண்டாம். செரிமானத்துக்கு நல்லது என்று பலர் சேர்க்கும் புதினாவும் சிலருக்கு உணவுக்குழாயின் அடிவாயைத் தளர்த்தி எரிச்சலைக் கூட்டும்.

என்றாவது தாமதமாகச் சாப்பிட நேர்ந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். அப்போது இரைப்பை, உணவுக்குழாய் வாயைவிடத் தாழ்ந்திருக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் ஆறு அங்குல உயர மரக்கட்டை கொடுங்கள். தலையணையை அடுக்குவது தவறு. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அமுங்குவதால் அமிலம் இன்னும் ஏறும். பாயில் படுப்பவர் என்றால் இடுப்பிலிருந்தே சரிவாக உயரும் மெத்தைத் துண்டு வேண்டும்.

குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறினாலோ, கனவில் உண்மையாகவே கை கால்களை வீசி அடித்தாலோ ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் ‘கேஸ்’ என்று சோடா வாங்கப் போகாதீர்கள், உடனே 108.

கேள்வி: படுக்கும் முன் கோலி சோடா குடித்தால் சாப்பாடு இறங்கிவிடுமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இறங்காது. ஏற்கெனவே நிறைந்த வயிற்றைக் காற்று இன்னும் உப்பவைக்கும். வரும் ஏப்பத்தோடு அமிலமும் மேலேறும். ஒரு வாய் வெந்நீர் குடித்து, தெருவில் 15 நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள்.