ஜூரி தந்த இழப்பீட்டை நீதிபதி குறைத்துவிட்டார்: சம்மதிப்பதா, மேல்முறையீடு செய்வதா?

கேள்வி: நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசிக்கும் எனக்கு வயது 42. சாலையைக் கடக்கும்போது சரக்கு வேன் மோதி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. இதுவரை பட்ட வேதனைக்கு 5 லட்சம், இனி வரும் 30 ஆண்டுகளின் வேதனைக்கு 11 லட்சம், மருத்துவச் செலவுக்கு 2 லட்சம் என மொத்தம் 18 லட்சம் டாலரை ஜூரி வழங்கியது. எதிர்த்தரப்பு மனுச் செய்ததும் நீதிபதி வேதனைக்கான தொகைகளை 3 லட்சமாகவும் 5 லட்சமாகவும் குறைத்து, இதற்கு எழுத்து மூலம் சம்மதிக்காவிட்டால் இழப்பீட்டுக்கு மட்டும் புதிய விசாரணை நடக்கும் என்று உத்தரவிட்டார். ஆறு பேர் கூடி முடிவு செய்ததை ஒருவர் மாற்றலாமா? மேல்முறையீடு செய்தால் முழுத் தொகையும் கிடைக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மாற்றலாம் என்பதுதான் சட்டம், ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் ஜூரியின் தொகைக்குப் பதிலாகத் தம் தொகையை நீதிபதி எழுதிவிட முடியாது. நம் ஊரில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயித்த தொகையை உயர் நீதிமன்றம் தானே கூட்டியும் குறைத்தும் உத்தரவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். அங்கே தொகையை முதலில் நிர்ணயிப்பவரும் நீதிபதியே. இங்கே அது ஜூரியின் வேலை என்பதால், குறைந்த தொகை அல்லது புதிய ஜூரி என்ற தேர்வை உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும்.

ஜூரியின் தொகை 'நீதிமன்றத்தின் மனசாட்சியை அதிரச் செய்தால்' மட்டுமே நியூயார்க்கில் முன்பு தலையிட்டார்கள். 1986-இல் சட்டமன்றம் அந்த அளவுகோலைத் தளர்த்தியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5501(சி) பிரிவின்படி, நியாயமான இழப்பீடாக இருக்கக்கூடிய தொகையிலிருந்து கணிசமாக விலகியிருந்தாலே அது மிகை அல்லது குறை எனக் கொள்ளப்படும். அந்தப் பிரிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நோக்கி எழுதப்பட்டதுதான் என்றாலும், விசாரணை நீதிபதிகளும் அதையே பின்பற்றுகிறார்கள். காஸ்பெரினி என்ற பத்திரிகையாளரின் 300 புகைப்பட ஸ்லைடுகள் தொலைந்த வழக்கில், ஸ்லைடு ஒன்றுக்கு 1,500 டாலர் வீதம் ஜூரி தந்த 4,50,000 டாலரை, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த அளவுகோலை வைத்து மிகை எனக் கண்டு, 1,00,000 டாலரை ஏற்காவிட்டால் புதிய விசாரணை என்று உத்தரவிட்டது. அது உடற்காய வழக்கு அல்ல. ஆயினும் 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில்தான், நியூயார்க் சட்டப்படி நடக்கும் வழக்குகளில் கூட்டாட்சி விசாரணை நீதிபதிகளும் இதே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்பது உறுதியானது.

ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர்கள் வேறு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே மனசாட்சி அளவுகோலே இன்னும் நீடிக்கிறது. பிற வழக்குகளின் தொகைகளோடு ஒப்பிட்டுக் குறைப்பதை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்க மறுத்தது. நியூயார்க்கிலோ அந்த ஒப்பீடுதான் எல்லாமே. உங்களைப் போன்ற எலும்பு முறிவு, உங்கள் வயதை ஒட்டிய வயது, அதே எண்ணிக்கையிலான அறுவைச் சிகிச்சைகள், எஞ்சியிருக்கும் வலி ஆகியவை கொண்ட முந்தைய வழக்குகளில் எவ்வளவு தொகை நிலைத்தது என்றே மேல்முறையீட்டு நீதிபதிகள் பார்ப்பார்கள். குயின்ஸ் வழக்குகள் புரூக்ளினில் உள்ள இரண்டாம் பிரிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்வதால், அந்தப் பிரிவின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும்படி உங்கள் வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள். அதற்கு மேல் ஆல்பனியில் இருக்கும் நீதிமன்றம் சட்டப் பிரச்சினைகளைத்தான் கேட்கும், தொகை மிகையா குறையா என்பதற்குள் போகாது. ஆகையால் புரூக்ளின்தான் உங்களுக்குக் கடைசிப் படி.

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. சம்மதித்தால் 10 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு பதிவாகும். அது முழுவதும் செலுத்தப்படும்வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியும் சேரும், அதாவது ஆண்டுக்கு 90,000 டாலர். ஒப்புக்கொண்ட பிறகு குறைப்பை எதிர்த்து நீங்களாக மேல்முறையீடு செய்ய இயலாது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது: நீங்கள் சம்மதித்த பின்னரும் எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குச் சென்றால், 5501(ஏ)(5) பிரிவின் கீழ் அந்த நீதிமன்றம் ஜூரி தந்த 18 லட்சத்தைத் தாண்டாமல் உங்கள் தொகையை மறுபடி உயர்த்தலாம். இதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நன்கு அறிவார்கள் என்பதால், மேல்முறையீடு செய்யும் முன் அவர்கள் தயங்கவும் வாய்ப்புண்டு.

சம்மதிக்க மறுத்து, புதிய விசாரணைக்கு உத்தரவிட்டதையே எதிர்த்து மேல்முறையீடு செய்வது இரண்டாவது வழி. வென்றால் ஜூரியின் தொகை முழுமையாகவோ பகுதியாகவோ மீளும். தோற்றால் புதிய ஜூரியின் முன் நிற்க வேண்டும். மூன்றாவது வழி, நேராகப் புதிய விசாரணைக்கே செல்வது. மருத்துவ நிபுணர்களை மீண்டும் அழைக்கும் செலவும், காத்திருக்கும் காலமும், புதிய ஜூரி 10 லட்சத்துக்கும் குறைவாகத் தரக்கூடிய அபாயமும் இருப்பதால், இந்த மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

முதல் இரண்டில் எது என்பது, எதிர்காலத்துக்கான 11 லட்சத்துக்கு என்ன சாட்சியம் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூட்டுத் தேய்மானம் வரும், இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்று உங்கள் மருத்துவர் சாட்சிக் கூண்டில் உறுதியாகச் சொல்லியிருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேல்முறையீட்டையே நினைப்பேன். உங்கள் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் அதிகம் இல்லையென்றால் சம்மதிப்பதே பாதுகாப்பு. மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் எதையும் சேர்க்க முடியாது. வேன் உரிமையாளரின் காப்பீட்டு வரம்பு எவ்வளவு என்பதையும் கேட்டறியுங்கள். அது 10 லட்சம்தான் என்றால், அதற்கு மேல் தொகையை வென்றாலும் வசூலிப்பது தனிப் போராட்டமாகிவிடும்.

சம்மதம் தெரிவிப்பதற்கான கெடு உங்கள் உத்தரவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மேல்முறையீட்டுக்கான கெடு தனியானது: உத்தரவு பதிவான அறிவிப்புடன் அதன் நகல் உங்கள் வழக்கறிஞருக்குச் சார்வு செய்யப்பட்ட (முறைப்படி வழங்கப்பட்ட) நாளிலிருந்து 30 நாள்கள். உடல்நிலையையோ பயணத்தையோ காரணம் காட்டி அதை நீட்டிக்க முடியாது. நகல் எந்தத் தேதியில், எந்த வழியில் கிடைத்தது என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.