டின் மீன்: குழம்பு முதல் கட்லட் வரை, வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அளவு சொல்லாத இடங்களில் இலங்கைக் கடைகளில் கிடைக்கும் 425 கிராம் டின்னையே கணக்கில் எடுத்திருக்கிறோம். அதை வடித்தால் மீன் ஏறத்தாழ 280 கிராம் தேறும்.

டின் மீன் குழம்பு வைத்தால் துண்டுகள் கரைந்து கூழாகிவிடுகின்றன. வெடுக்கும் முழுதாகப் போவதில்லை. எங்கே பிழை விடுகிறேன்? – வவுனியா

பச்சை மீனுக்குச் செய்வதை அப்படியே டின் மீனுக்கும் செய்கிறீர்கள். டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே நன்றாக வெந்த மீன். தொழிற்சாலையில் துண்டுகளை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தக் கலனில் 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். சதையின் அடுக்குகளைப் பிடித்து வைத்திருந்த சவ்வு அப்போதே கரைந்துவிடுகிறது. அதன் பிறகும் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டுக் கரண்டியால் கிளறினால் எந்தத் துண்டும் தாங்காது.

ஆகவே குழம்பு முதலில் முழுதாக வேக வேண்டும், மீன் கடைசியில் போக வேண்டும். டின்னைத் திறந்து மீனை வடிகட்டியில் கொட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். உப்புநீரில் அடைத்ததென்றால் அந்த நீரைக் குழம்பில் ஊற்ற வேண்டாம். வெடுக்கிலும் உப்பிலும் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, பாதியாக வெட்டிய பன்னிரண்டு சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமாகத் தொடங்கியதும் ஒன்றரை மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் தூள் கருகிக் கைக்கும். சிறு நெல்லிக்காயளவு பழப்புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கோப்பை இரண்டாம் பாலும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பச்சை வாசனை போய்க் குழம்பு கொஞ்சம் தடித்த பிறகு கால் கோப்பை முதற்பால் விட்டு, நெருப்பைக் குறைத்து, மீனைத் துண்டு துண்டாக அடுக்குங்கள். மூடி நாலு நிமிடம் போதும். கரண்டி போடாமல் தாச்சியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் குழம்பு மேலே ஏறிக்கொள்ளும். உப்பை இப்போதுதான் பார்க்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம்.

வெடுக்குக்கு மருந்து புளிப்பு. மீன் மணத்துக்குக் காரணமான அமீன்கள் புளிப்போடு சேர்ந்தால் ஆவியாகி மூக்குக்கு வராது. பழப்புளி போதாதென்றால் இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியலாம். கொதிக்கும்போது பிழிந்தால் முதற்பால் திரிந்துவிடும். துண்டின் நடுவே முள்ளை ஒட்டியிருக்கும் கறுப்புச் சதைக்கு மணம் கூட. பிடிக்காதவர்கள் அதை மட்டும் எடுத்துவிடலாம். நடுமுள்ளை எடுக்காதீர்கள், ஏன் என்பது அடுத்த பதிலில்.

டின்னில் அடைத்தால் மீனின் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார்களே? – மட்டக்களப்பு

எல்லாம் போவதில்லை. கடும் சூட்டில் தயமின் என்கிற பி1 கணிசமாகக் குறைகிறது. புரதமும் பி12உம் விற்றமின் டியும் ஒமேகா-3 கொழுப்பும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. கடையில் 'சமன் டின்' என்று கேட்டு வாங்கினாலும் உள்ளே இருப்பது அநேகமாக மக்கரல் வகைதான். வடித்த மக்கரல் 100 கிராமில் புரதம் 23 கிராம் அளவு, கொழுப்பு 6 கிராம், சக்தி 156 கலோரி. பி12 ஏறத்தாழ 7 மைக்ரோகிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4தான். ஒரு டின்னை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 16 கிராம் புரதம் கிடைக்கும். அது இரண்டரை முட்டைக்குச் சமம்.

ஒரு விஷயத்தில் டின் மீன் பச்சை மீனை மிஞ்சுகிறது. அழுத்தச் சூட்டில் முள் மாவாக நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடுவதால் அதையும் சாப்பிடலாம். முள்ளோடு சேர்ந்த மக்கரல் 100 கிராமில் 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஒரு கிளாஸ் பாலில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. முள்ளில்லாத சூரை டின்னிலோ 20 மில்லிகிராம்கூடத் தேறாது. பால் குடிக்காதவர்கள், பால் மா வாங்கக் கட்டாதவர்கள் உள்ள வீட்டில் அந்த நடுமுள்ளைப் பிரித்தெடுத்துப் பூனைக்குப் போடுவது எங்களுக்கு ஒப்பாத வேலை. பிள்ளைகள் கண்டுபிடித்து ஒதுக்குவார்கள் என்றால் விரலால் நசித்துக் குழம்பில் கலந்துவிடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குக் கொடுக்கும்போதும் முழுதாக நசிந்ததா என்று தடவிப் பார்த்தே கொடுங்கள்.

கட்லட் பொரிக்கும்போது வெடிக்கிறது, சில சமயம் எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று ஆகிறது. – கொழும்பு 6

இரண்டுக்கும் காரணம் உள்ளே இருக்கும் ஈரம். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். வெளிப்பூச்சில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெடிக்கும், அதே வழியாக எண்ணெய் உள்ளே போகும்.

280 கிராம் மீனுக்கு 325 கிராம் உருளைக்கிழங்கு சரியான அளவு. கிழங்கு கூடினால் மீன் ருசி தெரியாது, குறைந்தால் உருண்டை பிடிக்காது. கிழங்கைத் தோலோடு அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும். சூடாக இருக்கும்போதே உரித்து மசித்துப் பரப்பி ஆவி போகவிடுங்கள். மீனை வடித்த பிறகு கையால் இன்னொரு தரம் பிழியுங்கள். பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைக் கொஞ்ச எண்ணெயில் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு ஐந்தாறு நிமிடம் தாச்சியில் பிரட்டினால் உதிரி உதிரியாக வரும். அரைத் தேக்கரண்டி மிளகுதூள், அரைத் தேசிக்காய்ப் புளி, பிறகு கிழங்கு. உப்பை ருசி பார்த்த பின்தான் போட வேண்டும். நன்றாக ஆறியதும் உருட்டுங்கள். சூட்டோடு உருட்டி வைத்தவையே அதிகம் வெடிக்கின்றன. 30 முதல் 35 கிராம் உருண்டையாகப் பிடித்தால் பதினெட்டு, இருபது வரும்.

மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவை ஆறேழு மேசைக்கரண்டி நீரில் கட்டியில்லாமல் கரைத்துத் தோய்த்து, பாண் தூளில் உருட்டி, பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வையுங்கள். பூச்சு இறுகும். எண்ணெய் 170 முதல் 180 பாகை வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை பாண் தூளைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். அடியில் போய்க் கிடந்தால் இன்னும் சூடேற வேண்டும். ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் போட வேண்டாம், எண்ணெய் ஆறிவிடும். உள்ளே எல்லாம் வெந்தவைதான். நிறம் மாறினால் போதும், இரண்டு மூன்று நிமிட வேலை.

மிச்ச மீனை டின்னோடு பிரிட்ஜில் வைக்கலாமா? – திருகோணமலை

வேண்டாம். மூடியிருக்கும் வரை டின்னுக்குள் காற்று இல்லை. திறந்ததும் காற்றும் உப்பும் புளிப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். தக்காளிச் சாறு இருந்தால் இன்னும் வேகம். மீனில் ஒரு தகர ருசி ஏறும். கண்ணாடி, எவர்சில்வர் அல்லது நல்ல பிளாஸ்டிக் பாத்திரத்துக்கு மாற்றி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். உதிர்த்துப் பைகளில் பிரித்து உறைய வைத்தால் இரண்டு மாதம் வரை கட்லட்டுக்கோ ரோல்ஸுக்கோ எடுக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு 155 கிராம் சிறிய டின்தான் ஏற்றது. கிராம் கணக்கில் விலை கூடத்தான், ஆனால் கொட்டும் மீனை விட மலிவு.

டின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. வாங்கலாமா? – நுவரெலியா

உடம்பில் லேசான நசுங்கல் என்றால் பரவாயில்லை. மேல், கீழ் விளிம்பின் மடிப்பிலோ பக்கவாட்டுப் பொருத்திலோ நசுங்கியிருந்தால் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி போயிருக்கலாம். ஊதிய டின், திறக்கும்போது பீய்ச்சியடிக்கும் டின், ஒழுகிய டின் எதையும் ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். பொட்டுலிசம் நஞ்சுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. பையில் கட்டி எறிந்துவிடுங்கள். வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பாருங்கள். டின் மீனுக்கான இலங்கைத் தர எண் 591.

மீனுக்குள் கண்ணாடித் துண்டு போல ஒன்று பல்லில் பட்டது. கடைக்காரரோடு சண்டை பிடிக்கலாமா?

முதலில் அதைச் சூடான வினாகிரியில் போடுங்கள். சில நிமிடங்களில் கரையத் தொடங்கினால் அது ஸ்ட்ருவைட். மீனிலேயே உள்ள மக்னீசியமும் பொஸ்பேற்றும் அமோனியாவும் சேர்ந்து, டின் ஆறும்போது பளிங்காகப் படிவது. தீங்கில்லை. கரையாவிட்டால் கண்ணாடிதான், டின்னோடு கொண்டுபோய்ச் சண்டை பிடியுங்கள்.

பிரஷர் இருக்கிறது. டின் மீனை அடியோடு விட வேண்டுமா? – யாழ்ப்பாணம்

வடித்த மக்கரல் 100 கிராமில் சோடியம் சுமார் 380 மில்லிகிராம். ஒருவர் பங்கான 70 கிராமில் 265 அளவு, உப்புக் கணக்கில் முக்கால் கிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆக, மீன் மட்டும் குற்றவாளியில்லை. அதோடு சாப்பிடும் பாண், சம்பல், பக்கத்தில் வைக்கும் ஊறுகாய், குழம்பில் பழக்கத்தில் போடும் ஒரு கரண்டி உப்பு, இவற்றையும் கூட்டிப் பாருங்கள். வடித்த மீனை வடிகட்டியிலேயே வைத்து மெல்லிய தண்ணீர்த் தாரையில் அலசினால் உப்பு இன்னும் குறையும். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்; புளியும் மிளகும் அந்தக் குறையை மறைக்கும். தக்காளிச் சாற்று டின்னை இப்படி அலசுவதில் பயனில்லை, உப்பு சாற்றோடு கலந்திருக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு முள்ளில் உள்ள பொசுபரசும் பிரச்சினை, மருத்துவரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன். ரூனா, சார்டின், சமன் மூன்றும் இங்கே கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்? – டொரன்டோ

சார்டினையும் சமனையும். பெரிய மீன் சிறிய மீனைத் தின்று தின்று இரசத்தை, அதாவது பாதரசம் என்ற நச்சு உலோகத்தை, உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் மீனின் பருமன் முக்கியம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சராசரி இரசம் சார்டினில் 0.013 பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), 'லைட்' ரூனா டின்னில் 0.126, அல்பகோர் எனப்படும் வெள்ளை ரூனாவில் 0.35. கர்ப்பிணிகளுக்கு அவர்கள் சொல்வது வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை இரசம் குறைந்த மீன். அல்பகோர் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை, 113 கிராம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ கொழுப்பு இருப்பதால் பயந்து மீனையே விடுவதும் சரியல்ல. முள்ளோடு உள்ள டின்னாகப் பார்த்து எடுங்கள்.

டின் மீன் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்தது. முன்பு ஒத்துக்கொண்ட மீன்தான். இது அலர்ஜியா? – மன்னார்

ஹிஸ்டமின் நஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சூரை, மக்கரல், சாளை போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். டின்னில் அடைக்கும் முன்பே நடந்திருக்கலாம், திறந்து வெளியே வைத்ததிலும் நடக்கலாம். வாயில் மிளகு கடித்தது போன்ற எரிவு ஓர் அடையாளம். திரும்பக் கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது, ஆகவே சந்தேகமான மீனைச் சூடாக்கித் தேற்ற முடியாது. மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுப்பவர்கள் இங்கே தனிக் கவனம் எடுக்க வேண்டும். உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுக்கிறது. இலங்கையில் காசநோயாளிகள் சூரை சாப்பிட்டு இப்படிப் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சிகிச்சை முடியும் வரை சூரை டின்னை ஒதுக்குங்கள்.

எண்ணெயில் அடைத்ததா, தண்ணீரில் அடைத்ததா நல்லது? – வெள்ளவத்தை

எடை குறைக்க நினைப்பவருக்குத் தண்ணீர். எண்ணெய் டின்னை வடிக்கும்போது மீனின் சொந்தக் கொழுப்பில் கொஞ்சம் அந்த எண்ணெயோடு கலந்து போய்விடும். தண்ணீர் டின்னில் அந்த இழப்புக் குறைவு. சம்பலுக்கு மட்டும் எண்ணெய் டின் ருசி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய், கொஞ்சம் மிளகு, அடுப்பே வேண்டாம்.

கவுட் இருக்கிறது, எவ்வளவு சாப்பிடலாம்? – கண்டி

சார்டின், மக்கரல் இரண்டிலும், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம். வலி கிளம்பியிருக்கும் நாட்களில் தொடவே வேண்டாம். மற்ற நாட்களில் எவ்வளவு என்பதை உங்கள் யூரிக் அமில அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.