கர்ட்டன் போட்டும் பேஸ் சத்தம் மட்டும் ஏன் குமுறுது?

மண்டபம் ஊர் பக்கம் ஒரு கல்யாண ஹால்ல கனமான கர்ட்டன் போட்டாங்க, மைக்ல பேசுறது தெளிவாயிருச்சு, ஆனா டிரம்ஸோட "டும் டும்"னு வர்ற கனத்த அடிச்சத்தம், அதான் பேஸ், அப்படியே குமுறுது. ஏன்னு நெறைய பேர் கேக்குறாங்க.

சத்தத்த உறிஞ்சுறதுன்னா, மோதுன சத்தம் திரும்பி வராம பொருளுக்குள்ளயே துளி சூடா மாறிப்போறது. காத்து முன்னும் பின்னும் அசையுறப்ப துணியோட இழைங்கள்ல உரசும், அந்த உரசல்லதான் சக்தி போகுது. ஆனா செவுத்த ஒட்டி காத்து அசையவே முடியாது, அலைநீளத்துல (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள தூரம்) கால்வாசி தூரம் தள்ளித்தான் நல்லா அசையும். 4000 ஹெர்ட்ஸ் கீச்சு சத்தத்துக்கு அது 2 செ.மீ. சொச்சம், 100 ஹெர்ட்ஸ் பேஸுக்கோ கிட்டத்தட்ட 85 செ.மீ.! செவுத்தோட ஒட்டுன கர்ட்டன் பேஸ எங்க புடிக்கும்?

நம்ம கரையிலயே பாக்கலாம். தண்ணி ஓரம் கெடக்குற வலைக் குவியல்ல சின்னச் சின்ன சிற்றலை பூந்து அடங்கிரும், பெரிய அலை வந்தா வலையவே தூக்கிட்டுப் போயிரும்.

அதனால கர்ட்டன செவுத்துலருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பா தொங்கவிடுங்க, பேஸ விட மேல உள்ள சத்தங்கள்ல நல்ல வித்தியாசம் தெரியும். ஆனா பேஸுக்கு தடிச்ச கண்ணாடிக்கம்பளி (கண்ணாடி இழைப் பஞ்சு) இல்லன்னா பின்னாடி காத்து எடம் விட்ட மெல்லிசான பிளைவுட் வேணும், அது தானே அதிர்ந்து சக்திய வாங்கிக்கும்.

இன்னொண்ணு, உறிஞ்சுறதும் தடுக்குறதும் ஒண்ணு இல்ல: ஸ்பான்ஜ் ஒட்டுனா ரூமுக்குள்ள எக்கோதான் கொறையும், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் நிக்காது, அதுக்கு கனமான செவுரும் இடுக்கில்லாத கதவும்தான் வேணும்.