கனடாக் குடியுரிமை எடுத்தால் ஊர் நிலம் என்னாகும்?

கேள்வி: நாங்கள் கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி நான்கு வருடமாகிறது. குடியுரிமைக்குப் போடலாம் என்கிறார் கணவர். தஞ்சாவூர்ப் பக்கம் என் பெயரில், அப்பா வழியில் வந்த கொஞ்சம் வயல் இருக்கிறது. அது கைவிட்டுப் போய்விடுமா?
- வாசகி, பிராம்டன்

பதில்: போகாது. வாரிசாக வந்த வயலை நீங்கள் தொடர்ந்து வைத்திருக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்க முடியும். புதிதாக வயல், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஆனால் என்.ஆர்.ஐ. (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகள்) என்ற முறையில் இந்தத் தடை இன்றைக்கே உங்களுக்கு உண்டு. ஆகவே நிலத்துக்காகத் தயங்க வேண்டாம்.

இழக்கப்போவது வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் உரிமை, அரசு வேலை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 1955ஆம் வருடச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, கனடாவில் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். அதன்பின் வாங்கும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) அட்டை ஆயுளுக்குமான விசா போன்றதே, குடியுரிமை அல்ல. இது மனத்துக்குப் பெரிய இழப்பு என்றால் பி.ஆரிலேயே இருப்பதில் தவறில்லை. ஆனால் பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். வயதான பெற்றோருக்காக ஊரில் நீண்ட காலம் தங்கவேண்டி வந்தால் இந்தக் கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். குடிமக்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் குடியுரிமை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கனடாவில் வருமான வரி வசிப்பிடத்தை வைத்துத்தான், அதனால் வரியில் மாற்றமில்லை.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பி.ஆருக்கு முன் படிப்பு அல்லது வேலை அனுமதியில் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365. 1,095 தொட்ட அன்றே அனுப்பாதீர்கள். மறந்துபோன ஒரு பயணம் போதும், நாள் குறைந்துவிடும். ஒரு மாதமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 54 வயதுவரை மொழிச் சான்றும் தேர்வும் உண்டு. தேர்வில் 20 கேள்விக்கு 15 சரியாக இருந்தால் போதும்.

பலரும் மாட்டிக்கொள்வது உறுதிமொழிக்குப் பிறகுதான். அன்றே பி.ஆர். அட்டை போய்விடும், இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம், கனடாப் பாஸ்போர்ட்டோ இன்னும் கையில் இராது. அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். முதலில் கனடாப் பாஸ்போர்ட், அடுத்து இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ், பிறகு ஓ.சி.ஐ. அது வரும்முன் அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமென்றால் இந்திய விசா எடுக்க வேண்டும். நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து, இங்கே அப்பா பெயர் சேர்ந்திருந்தால் ஓ.சி.ஐ. நேரத்தில் பெயர் மாற்ற ஆவணம் கேட்பார்கள். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரைச் சரிபாருங்கள்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இதே சட்டம்தானா?
- வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இல்லை. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் அது தானாகக் கிடைக்காது. கனடாக் குடியுரிமை பெறுமுன் என்றால் இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளவும், பெற்றபின் என்றால் மீளப் பெறவும் விண்ணப்பிக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது.