கர்நாடக வயலினும் ராக் பேண்டும்: ‘ஈ மைனர்’னா என்ன பண்றது?

பத்து வருஷம் வயலின் கத்துக்கிட்டு, இப்போ பேண்ட்ல சேர்ந்ததும் கிட்டாரிஸ்ட் ‘ஈ மைனர், சி, ஜி, டி’ன்னா கை நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி கச்சேரி, அப்புறம் மெல்லிசைக் குழு. அங்கே யாரும் இந்த மாதிரி கார்டு (chord, ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) பேரே சொல்லமாட்டாங்க, ஸட்ஜம் எந்த சுருதின்னு "அஞ்சு கட்டை"ன்னு சொன்னா முடிஞ்சுது.

ஈ-யை ஸட்ஜமா வைங்க, அதாவது மூணு கட்டை. நேச்சுரல் மைனர்ங்கிற மேற்கத்திய ஸ்வர வரிசை உங்க நடபைரவி ராகத்தோட ஸ்வரங்கள்தான். ஈ மைனருக்கு ஸ-க-ப, சி-க்கு த-ஸ-க, ஜி-க்கு க-ப-நி, டி-க்கு நி-ரி-ம. இதை ஒரு வாரம் வாயால பாடுங்க, அப்புறம் வில்லை எடுங்க.

‘கமகம் (ஸ்வரத்தை ஆட்டி வாசிக்கிறது) போட்டா அபஸ்வரமா கேக்குது’ன்னீங்களே, அது உங்க தப்பு இல்ல. கிட்டார் காந்தாரத்தை அசையாம பிடிச்சிருக்கும்போது நீங்க அதே காந்தாரத்தை ஆட்டினா உரசத்தான் செய்யும். அங்கே நேரா நில்லுங்க. கமகத்துக்கு இடம் வேணும்னா கிட்டாரிஸ்ட்டை பவர் கார்டு வாசிக்கச் சொல்லுங்க. அதுல ஸ-ப மட்டும்தான், கிட்டத்தட்ட தம்பூரா. எங்க டிரம்மருக்கே அந்த இடம்தான் பிடிச்சுது!

வயலினை மேற்கத்திய சுருதிக்கு மாத்தணும்னா: அஞ்சு கட்டையில கம்பிகள் ஜி-டி-ஜி-டி. மேல் ரெண்டையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் (ஹோல் டோன்) ஏத்தினா ஜி-டி-ஏ-ஈ, மேற்கத்திய சுருதி வந்துடும். மெதுவா ஏத்துங்க, பழைய கம்பின்னா பட்டுனு அறுந்துடும்.