எத்தனை வருட அனுபவம் போதும்? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 23. லயத்துக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள்) வரும் சாரை, வெள்ளிக்கோல் வரையன் போன்ற விஷமற்ற பாம்புகளை மூன்று வருடமாகப் பிடித்துக் காட்டில் விட்டு வருகிறேன். ஒரு சாரையை எட்டு மாதம் வளர்த்தும் இருக்கிறேன், ஒருமுறைகூட அது என்னைக் கடிக்கவில்லை. இப்போது எங்கள் மலையில் ஒரு பச்சை விரியன் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வளர்க்க ஆசையாக இருக்கிறது. விஷப் பாம்பு வளர்ப்பதற்கு முன் அனுபவம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை வருட அனுபவம் போதும்? எந்தப் பாம்பில் தொடங்க வேண்டும்?

அன்புடன்,
ச.

அன்பின் தம்பிக்கு,

பாம்பைக் கண்டதும் மண்வெட்டியைத் தேடுகிற ஊரில் அதைப் பிடித்துக் காட்டில் விடுகிற ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் ஆசையைக் குறைத்துப் பேச நான் எழுதவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருடக் கணக்கில் விடை சொல்ல முடியாது.

எட்டு மாதமும் சாரை கடிக்கவில்லை என்பதை உங்கள் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதும் அதுதான். கடிக்காத பாம்பு கைக்குத் தைரியத்தைக் கொடுக்குமே தவிர எதையும் கற்றுக்கொடுக்காது. சாரையை விஷப் பாம்பு என்றே எண்ணி, ஒருமுறையும் கையால் தொடாமல், கொக்கியாலேயே இடம் மாற்றி, தண்ணீர் வைத்து, பெட்டியைச் சுத்தம் செய்து ஒரு வருடம் பராமரித்திருந்தால் அதை அனுபவம் என்று ஒப்புக்கொள்வேன். சாரை வேகமானது, கோபம் வந்தால் பாய்ந்து கடிக்கவும் செய்யும், ஆனால் அதன் கடியில் உயிர் போகாது. தவறு செய்து கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பாம்பு நம் மலையகத்தில் இல்லை.

இளவயதில் நான் கண்டியில் ஆய்வுக்காகப் பாம்புகளை வைத்திருந்த ஓர் இடத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கிருந்த பெரியவர் முதல் ஆறு மாதமும் என்னைப் பாம்பின் அருகில் விடவில்லை. பெட்டி கழுவினேன், எலிக்கூண்டு சுத்தம் செய்தேன், பாம்பு உரித்த சட்டையைத் தண்ணீரில் நனைத்து விரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் செதில்களை எண்ணினேன். ஏழாம் மாதம் கோப்பி விரியன் என்ற விஷப் பாம்பின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாம்பு இடது மூலையில் சருகுக்குள் சுருண்டிருந்ததை ஒரு நிமிடத்துக்கு முன்புதான் பார்த்திருந்தேன். மூடியைத் தூக்கி, தண்ணீர்ச் சட்டியை எடுக்க நீண்ட இடுக்கியை நீட்டுவதற்குப் பதிலாகக் கையை நீட்டிவிட்டேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “பாம்பு எங்கே, சொல்” என்றார். இடது மூலையைப் பார்த்தேன், அங்கே சருகு மட்டும்தான் இருந்தது. அவர் இடுக்கியால் சட்டியைத் தூக்கியபோது, அதன் அடியில் மேல்நோக்கி வளைந்த மூக்கோடு அந்தச் சிறிய தலை என் விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தை நோக்கித் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து, பாம்பு இருக்குமிடத்தைக் கண்ணால் கண்டு வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எந்த மூடியையும் தொடுவேன். இதை நான் தனியாக இருந்து கற்றிருக்க முடியாது. பக்கத்தில் நின்று கையைப் பிடிக்க ஒருவர் இருந்ததால்தான் கற்றேன்.

அனுபவம் முற்றியவர்களுக்கும் தவறும். ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாம்பியல் அறிஞர் 2001 செப்டம்பரில் மியன்மாரின் வடபகுதிக் காட்டில், தீங்கற்ற பாம்பு இருப்பதாக எண்ணிய பையில் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டு விரியன் இனம். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. நீங்கள் வெள்ளிக்கோல் வரையனைப் பிடித்ததாக எழுதியதைப் படித்ததும் எனக்கு இவர்தான் நினைவுக்கு வந்தார். வரையன் இனங்கள் கட்டு விரியனைப் போலவே பட்டை போட்டவை, இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது ஏமாறுவது மிக எளிது. கட்டு விரியனின் நடுமுதுகில் ஓடும் செதில் வரிசை மற்றவற்றைவிட அகன்று அறுகோணமாக இருக்கும், உரித்த சட்டையிலும் அதைக் காணலாம். உயிருள்ள பாம்பைத் தொடாமல் பெறக்கூடிய அறிவு இது. இதிலிருந்து தொடங்குங்கள்.

இனி பச்சை விரியனுக்கு வருகிறேன். நம் வைத்தியசாலைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். பச்சை விரியனும் கோப்பி விரியனும் அந்த நான்கில் இல்லை, ஆகவே அவற்றின் கடிக்கு அந்த மருந்து உதவாது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரைக் கோப்பி விரியன் கணுக்காலில் கடித்தபோது வைத்தியசாலைக்கு அவருடன் போனேன். தாதி அவருடைய இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல ஓடியது. காலின் வீக்கம் முழங்காலைத் தாண்டியது, தோல் கொப்புளித்தது. சிறுநீரகம் பழுதாகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வைத்தியர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் இரண்டு மாதம் மலைக்குப் போகவில்லை, அந்த இரண்டு மாதச் சம்பளமும் இல்லை.

நீங்கள் லயத்தில் இருக்கிறீர்கள். உங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர், அதுவும் பல இடங்களில் கூரைவரை எட்டாத சுவர். பச்சை விரியன் முட்டையிடாது, குட்டி போடும். காட்டிலிருந்து நீங்கள் கொண்டுவருவது சினைப் பாம்பாக இருந்தால், ஒரு காலையில் பெட்டிக்குள் சுண்டுவிரலைவிட மெல்லிய பல குட்டிகள் கிடக்கும். பெரிய பாம்புக்காக விட்ட காற்றுத் துளை அவற்றுக்கு வாசலாகிவிடும். பிறந்த அன்றே அவற்றுக்கு நஞ்சு உண்டு. உங்கள் ஆசையின் ஆபத்தை நீங்கள் விரும்பி ஏற்கலாம், ஆனால் சுவருக்கு அப்பால் பாயில் தூங்குகிற குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. இங்குள்ள பச்சை விரியன் இலங்கைக்கு மட்டுமே உரிய உயிரினம், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பிடித்து வைக்க நினைக்க வேண்டாம்.

அனுபவம் என்று வந்தால் பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம்தான் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பதில் முன்னோடி. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகிய அவர்கள்கூட, பிடித்த பாம்பைத் துணி கட்டிய மண்பானையில் சில வாரங்கள் வைத்து, நஞ்சை எடுத்ததும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே அந்தப் பச்சை விரியனை அது இருக்கும் செடியிலேயே விடுங்கள். இரைக்காகப் பதுங்கியிருக்கும் பாம்பு அது, ஒரே இடத்தில் நாள்கணக்கில் இருக்கும். அந்தச் செடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில் கங்காணியிடமும் கொழுந்து பறிப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நாள்தோறும் மாலை ஒரே நேரத்தில் போய், பத்தடி தள்ளி நின்று, எந்தக் கிளையில் இருக்கிறது, தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, மழையன்று எங்கே போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதியதும் அதை எனக்கு அனுப்புங்கள். அனுமதியோடு பாம்புகளைப் பராமரிக்கிற ஓர் இடத்தில் பெட்டி கழுவும் வேலைக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, அந்தக் கொப்பியைக் காட்டி நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா